சோறா சப்பாத்தியா, கூழா ஓட்ஸா: புதிதாகச் சர்க்கரை வந்த வீட்டுக்கு ஓர் அலசல்

வடசென்னைத் தண்டையார்பேட்டையில் ஒருவருக்குச் சர்க்கரை என்று தெரிந்துவிட்டால், அன்று சாயங்காலத்துக்குள் தெருவே டாக்டராகிவிடும். எதிர்வீட்டு அக்கா சோற்றை நிறுத்தச் சொல்வார். டீக்கடைக்காரர் நாட்டுச் சர்க்கரைக்கு மாறச் சொல்வார். யாரோ ஒருவர் சிறுகுறிஞ்சான் பொடியைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தே கொடுத்துவிடுவார். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று புரியாமலே முதல் மாதம் ஓடிவிடும்.

அதனால் நம் பக்கத்தில் அடிக்கடி மோதிக்கொள்ளும் யோசனைகளை எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன். நான் பார்ப்பது இரண்டு விஷயம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை எங்கே நிற்கிறது? இந்தச் சமையலறையில், இந்தச் சம்பளத்தில், ஆறு மாதம் கழித்தும் அந்தப் பழக்கம் தாக்குப்பிடிக்குமா? எழுதுவது டைப் 2 சர்க்கரை நோய் வந்து மாத்திரையில் இருப்பவர்களை மனதில் வைத்து. இன்சுலின் போடுபவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அளவுகளை மாற்ற வேண்டாம்.

சோறா, சப்பாத்தியா?

எங்கள் மாமா துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுபவர். சர்க்கரை என்று தெரிந்த மறுநாளே சோற்றை விட்டார். "சோறு தொட்டே ஒரு மாசம் ஆவுது தம்பி, சுகர் மட்டும் எறங்கல பாரு" என்றார். உள்ளே இருந்து அக்கா குரல் வந்தது: "டப்பாவுல ஆறு சப்பாத்தி எட்துனு போறாரு, உருளைக்கிழங்கு வேற. அத்தையும் சொல்லச் சொல்லு."

விஷயம் அந்த டப்பாவுக்குள்தான் இருக்கிறது. 100 கிராம் வெள்ளை அரிசியில் ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து. கோதுமை மாவில் 65 முதல் 70. வித்தியாசம் அவ்வளவுதான். கோதுமைக்கு உள்ள நல்ல பேர் நார்ச்சத்தால் வந்தது: முழு கோதுமை மாவில் 11 கிராம் அளவுக்கு இருக்கும், தீட்டிய அரிசியில் 3 கிராம்கூடத் தேறாது. வீட்டுச் சப்பாத்தி ஒன்றுக்கு 30 கிராம் மாவு பிடித்தால் மாவுச்சத்து 20 கிராம். ஆறு சப்பாத்திக்கு 120. ஒரு கப் சோற்றில் இருப்பது 40 முதல் 45 வரை. ஆறு சப்பாத்தி சாப்பிட்டவர் கிட்டத்தட்ட மூன்று கப் சோறு சாப்பிட்டவர்தான், கூட உருளைக்கிழங்கும்.

சரி, இரண்டு சப்பாத்தியோடு நிறுத்தினால்? அது நல்ல சாப்பாடுதான். ஆனால் பிறந்ததிலிருந்து மதியம் சோறு சாப்பிட்டவர் இரண்டு சப்பாத்தியோடு எழுந்தால், நாலு மணிக்கு பஜ்ஜிக் கடையில் நிற்பார். என் கணக்கில் மதியத்துக்கு ஒரு கப் சோறே ஜெயிக்கிறது, தட்டை மட்டும் மாற்றிப் போட வேண்டும். பாதித் தட்டில் கீரையோ அவரைக்காய்ப் பொரியலோ. கால் தட்டில் மீன், முட்டை, பருப்பு ஏதாவது ஒன்று. மீதிக் காலில் சோறு. சாப்பிடும் வரிசையும் முக்கியம்: முதலில் காயும் மீனும், அப்புறம் சோறு. மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றம் குறைகிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன. நம் ஆட்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம், உட்கார்ந்ததும் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தே பழக்கம். பொரியலைத் தனிக் கிண்ணத்தில் முதலில் கையில் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ரேஷன் புழுங்கல் அரிசியைக் கேவலமாகப் பார்க்க வேண்டாம். பொதுவாகப் பச்சரிசியைவிட அது மெதுவாகத்தான் சர்க்கரையை ஏற்றும். பழைய சோறும் அப்படித்தான், வடித்து ஆறவைத்த சோற்றில் மாவுச்சத்தில் ஒரு பகுதி சீக்கிரம் செரிக்காத வகையாக மாறிவிடுகிறது. அதற்காகக் குண்டான் நிறைய சாப்பிடலாம் என்று யாராவது கிளம்பினால் நான் பொறுப்பில்லை.

ராத்திரிக்கு மட்டும் நான் சப்பாத்தி பக்கம். இரண்டு சப்பாத்தி, சுண்டல் குழம்பு அல்லது முட்டை. அம்மா உணவகத்தில் சாயங்காலம் 3 ரூபாய்க்கு இரண்டு சப்பாத்தி கொடுப்பதால் அளவு தானாகவே அமைந்துவிடுகிறது. பரோட்டா இந்தப் போட்டியிலேயே இல்லை. மைதா, எண்ணெய், மேலே சால்னா. எப்போதாவது ஒன்று, அவ்வளவுதான்.

கூழா, ஓட்ஸா, சிறுதானியமா?

கேழ்வரகு நல்லது என்பதில் சண்டை இல்லை. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து, கோதுமை அளவுக்கு நார். ஆனால் மாவுச்சத்து அதிலும் 65-ஐத் தாண்டும். எந்த வடிவத்தில் சாப்பிடுகிறோம் என்பதில்தான் ஜெயிப்பதும் தோற்பதும். ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழைப் பாருங்கள்: நைசாக அரைத்த மாவு, நொய் சேர்த்துக் குழைய வேகவைத்தது, மோர் விட்டுக் கரைத்தது. ஒரு சொம்பு இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும். மெல்லும் வேலையே இல்லாததால் சர்க்கரையும் அதே வேகத்தில் ஏறும். அதே கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் சேர்த்து இரண்டு அடை தட்டினால், மெல்ல வேண்டும், கீரையின் நாரும் உண்டு. வீட்டில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் மீட்டரில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். கூழை விட மனசில்லாதவர்கள் ஒரு டம்ளரோடு நிறுத்தி, கூடவே ஒரு அவித்த முட்டை சாப்பிடலாம். வெல்லம் போட்ட ராகி மால்ட் வேண்டாம்.

தினை, சாமை, குதிரைவாலிக்கும் இதே நியாயம். பட்டை தீட்டி வெள்ளைவெளேரென்று பாக்கெட்டில் வந்தால் அரிசியோடு அதிக தூரம் இல்லை, விலைதான் தூரம். ஓட்ஸில் பெரிய செதிலாக இருப்பது பரவாயில்லை. மசாலா தூள் கலந்து இரண்டு நிமிடத்தில் வேகும் வகைக்குக் காசு கொடுக்க எனக்கு மனம் வராது.

காலை டிபன்

முச்சந்தி இட்லிக் கடையில் நாலு இட்லி, பொங்கல், பூரி, இடியாப்பம் என்று எல்லாம் கிடைக்கும். என் வரிசை: மூன்று இட்லியும் நிறைய சாம்பாரும் முதலிடம், கெட்டிச் சட்னி சரி. பொங்கலில் பருப்பு இருந்தாலும் நெய்யும் குழைந்த அரிசியும் சேர்ந்து அளவு தெரியாமல் உள்ளே போய்விடும். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்ட இடியாப்பம் கடைசி. வீட்டில் செய்வதாக இருந்தால் பச்சைப்பயறு தோசை இவை எல்லாவற்றையும் தாண்டிவிடும்.

மீன்: குழம்பா, வறுவலா, கருவாடா?

வடசென்னைக்காரர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி காசிமேடு. மீனில் மாவுச்சத்து கிடையாது, 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம். நெத்திலி, கானாங்கத்தை மாதிரி மலிவான மீன்கள் வஞ்சிரத்துக்கு எந்த விதத்திலும் குறைந்தவை இல்லை. கானாங்கத்தையில் இதயத்துக்கு நல்ல கொழுப்பு வேறு. குழம்பு வறுவலை ஜெயிக்கும், ஆனால் மீனைத் தின்னுங்கள், குழம்பை ஊற்றி ஊற்றிச் சோற்றைத் தள்ளாதீர்கள். வறுவல் வேண்டும் என்றால் அரிசி மாவு, கார்ன்ஃபிளவர் தடவாமல் தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெயில் சுடலாம்.

கருவாட்டில் சர்க்கரை இல்லை, உப்புதான் பிரச்சினை. சர்க்கரையோடு பிரஷரும் சேர்ந்தே இருக்கும் ஆட்கள் நிறைய. சுடுதண்ணீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை கழுவினாலும் உப்பு முழுசாகப் போகாது. வாரத்தில் ஒரு நாள் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை ஏறினால் முட்டை, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு என்று போய்விடலாம்.

அத்தோவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அடிக்க வருவார்கள். பீச் ஸ்டேஷன் எதிரே செகண்ட் லைன் பீச்சில் ஒரு தட்டு அத்தோ என்பது மைதா நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர். அதே கடையில் வாழைத்தண்டு சூப்பும், வெங்காயம் அடைத்த முட்டை மசாலாவும் உண்டு. இரண்டு முட்டை, ஒரு சூப், நண்பன் தட்டிலிருந்து இரண்டு வாய் அத்தோ. ஆசையும் தீர்ந்தது, மீட்டரும் கோபப்படாது.

வெள்ளைச் சர்க்கரையா, நாட்டுச் சர்க்கரையா?

போட்டியே இல்லை, இரண்டும் ஒரே கட்சி. கருப்பட்டி, தேன், பனங்கற்கண்டு எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். டீயில் முதலில் அரை ஸ்பூனாகக் குறைத்து, பிறகு இல்லாமலே குடிக்கப் பழகலாம், நாக்கு சில வாரத்தில் ஒத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு எத்தனை டீ என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். பழத்தில் கொய்யா நல்லது, ஜூஸ் எந்தப் பழத்திலும் வேண்டாம்.

விடிகாலை நடையா, சாப்பிட்ட பின் நடையா?

ராபின்சன் பூங்காவில் காலையில் சுற்றுபவர்களைப் பார்த்தால் நமக்கும் ஆசை வரும். வாரத்துக்கு 150 நிமிட நடை என்பது பொது அளவு, காலை நடையில் அது எளிதில் நிரம்பும். ஆனால் விடிகாலையில் மார்க்கெட்டுக்கு ஓடும் வீட்டிலும், ஷிப்ட் வேலைக்காரர் வீட்டிலும் அது வாரக் கடைசியில் மட்டும் நடக்கும். சாப்பிட்டதும் 10, 15 நிமிடம் நடப்பது அந்த வேளைச் சர்க்கரையை நேரடியாகக் குறைக்கும். அதனால் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் நடை. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமாக வேண்டாம், டிரெய்லரும் தூசியும் சேர்ந்து நெஞ்சை அடைக்கும். மாடியோ தெருவோ போதும்.

மீட்டரா, லேபா?

இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. லேபில் பார்க்கும் எச்பிஏ1சி என்பது ஏறக்குறைய மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரி. 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய், பலருக்கும் 7-க்குக் கீழே வைப்பது இலக்கு. ரத்தசோகை இருந்தால் இந்த எண் தவறாகக் காட்டலாம், பெண்கள் இதை டாக்டரிடம் நினைவுபடுத்த வேண்டும். மீட்டர் சொல்வது இன்றைய சாப்பாட்டின் கதை. ஸ்டிரிப் விலையைப் பார்த்தால் தினமும் குத்திக்கொள்ள முடியாது. ஜோடியாகப் பாருங்கள்: ஒரு சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, முதல் வாய் வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. இந்த வாரம் இட்லி, அடுத்த வாரம் கூழ். வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180-க்குள் என்பது பொதுவான இலக்கு. கூழையும் அடையையும் பற்றி நான் சொன்னதை நம்பவே வேண்டாம், உங்கள் விரலே தீர்ப்பு சொல்லும்.

ஹவாயா, எம்சிஆரா?

கால்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாளானால் பாதத்தில் உணர்ச்சி மங்கும், முள் குத்தினாலும் தெரியாது. தேய்ந்த ஹவாய்ச் செருப்பில் கண்ணாடித்துண்டு ஏறிவிடும், கால் நழுவும். உணர்ச்சி குறைந்தவர்களுக்கு மெத்தென்ற ரப்பரில் செய்த எம்சிஆர் செருப்பு, பின்பக்கம் பட்டை வைத்தது. புதிதாக வந்தவர்களுக்கு அதற்கு இன்னும் அவசரமில்லை, ஆனால் ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது இன்றிலிருந்தே வேண்டும். திருவொற்றியூர் கோயில் பிரகாரத்தில் சித்திரை மாத மதியத்தில் வெறுங்காலோடு சுற்றினால் கொப்புளம் போட்டதே தெரியாமல் போகலாம், காலையிலேயே போய் வாருங்கள். கால் ஆணியை பிளேடால் சீவும் வேலை அறவே வேண்டாம்.

பொடியா, மாத்திரையா?

வெந்தயத்தைச் சாப்பாடாகச் சாப்பிடுங்கள், அதில் நார் இருக்கிறது. அதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் தொடங்கிய முதல் வாரங்களில் வயிறு கலங்கும், சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் பெரும்பாலும் அடங்கும். இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் பாகற்காய்ச் சாறு, சிறுகுறிஞ்சான் என்று சேர்த்துக் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் மீட்டரில் 70-க்குக் கீழே இருக்கக்கூடும். அப்போது மட்டும் வெள்ளைச் சர்க்கரை மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலக்கி. 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். வண்டி ஓட்டுபவர்கள் ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டைச் சீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கட்டும்.

மாத்திரைக்குக் காசில்லை என்று விடுபவர்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளலாம், மருந்து இலவசம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் கொடுக்கிறார்கள். சிக்கலான கேஸுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. தனியாரில் ராயபுரம் எம்.வி. மருத்துவமனை 1954-லிருந்து சர்க்கரை நோய்க்கென்றே நடக்கிறது. எங்கே போனாலும் வருடத்துக்கு ஒரு முறை சிறுநீரில் புரதம், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின், கண் விழித்திரை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். விழித்திரை பார்க்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், அன்றைக்கு பைக் எடுக்காமல் ஷேர் ஆட்டோவில் போய் வரலாம்.