பழைய வான், கசியும் எண்ணெய்: எதைச் சுற்றுவது, எதைத் தூவுவது?

திருகோணமலையில் ஓடும் பழைய டீசல் வான் ஒன்றின் முன் சீற்றைத் தூக்கிப் பாருங்கள். அடியில் உள்ள இஞ்சினின் மேல்மூடியான டெப்பட் கவரின் பெக்கிங் வழியே எண்ணெய் கசியும். அதற்குக் கீழே வயர்க் கட்டு ஊறிப்போய்க் கிடக்கும். கசிவை நிறுத்தாமல் வயரை எதால் சுற்றினாலும் காசு தண்டம். பெக்கிங்கை முதலில் மாற்றுங்கள். அப்புறம் கடைக்குப் போகலாம்.

கடையில் முதலில் நீட்டுவது கறுப்பு பிவிசி டேப். மலிவு, வீட்டு வயரிங்குக்குச் சரி. ஆனால் சாதாரண ரகம் 80 பாகை செல்சியஸ் அளவைத்தான் தாங்கும். இஞ்சின் சூட்டிலும் எண்ணெயிலும் பசை இளகி, சுற்று வழுகி, நுனி அவிழ்ந்து தொங்கும். அப்படி ஒன்றை உரித்தால் விரலில் கரும்பசை நூல் நூலாக இழுபடும்; அதில் மணலும் தூசும் ஒட்டியிருக்கும், அடியில் செம்பில் பச்சைக் களிம்பு. இந்த ஊர் உப்புக்காற்றில் ஈரம் உள்ளே புகுந்தால் வெளியேற வழி வேண்டும். இறுக்கிச் சுற்றிய பிவிசி அந்த வழியையும் அடைத்துவிடுகிறது. நடுவழியில் அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பொலியெஸ்டர் துணி டேப். கார்த் தொழிற்சாலைகளே பாவிப்பது. இஞ்சின் பகுதிக்கென்று வரும் ரகம் 150 பாகை வரை தாங்கும். வாங்கும்போது கவனம்: டாஷ்போர்ட்டுக்குள் சத்தம் வராமல் ஒட்டும் பஞ்சு ரகமும் அதே கறுப்பில்தான் இருக்கும். துணி எண்ணெயை உறிஞ்சும் என்பது இதன் குறை.

அதனால் என் தெரிவு, நீளவாட்டில் பிளந்த நெளிகுழாய். வயரைக் கழற்றாமலே மாட்டலாம், உராய்வுக்கு நன்றாக நின்றுபிடிக்கும். பொலித்தீன் வகை சூட்டில் தொய்யும். நைலோன் கேட்டு வாங்குங்கள். பிளவைக் கீழ்நோக்கி வைத்து, முனைகளிலும் கிளை பிரியும் இடங்களிலும் மட்டும் துணி டேப்பால் கட்டினால் போதும், தண்ணீர் தங்காது. பின்னல் உறை பார்க்க அழகு, எண்ணெய் தாராளமாக உள்ளே போகும். தன்னோடு தானே ஒட்டும் சிலிக்கன் டேப் சூட்டுக்குக் கெட்டி. கூர் விளிம்பு பட்டால் கிழியும், எரிபொருள் பட்டால் ஊதும்.

எதையும் சுற்றுமுன் வயரை விரலில் மெல்ல வளைத்துப் பாருங்கள். உறை வெடித்தால் சுற்றிப் பயனில்லை, வயரையே மாற்ற வேண்டும். 1990களின் முற்பகுதியில் வந்த மெர்சிடிஸ் கார்கள் சிலவற்றில் வயர் உறை தானாகவே பொடியாய் உதிர்ந்தது; அவற்றுக்கும் புது வயர்க் கட்டுதான் மருந்து.

இனி நிலத்தில் சிந்தியது. சீனன்குடாவில் 99 எண்ணெய்ப் பெருந்தாங்கிகள் நிற்கும் ஊரில் வாசலில் சிந்திய ஒரு லீற்றர் எண்ணெயைப் பற்றிப் பேசுவது சிரிப்பாக இருக்கலாம். ஆனாலும் வாசல் நம்முடையது.

மரத்தூள் தச்சுப் பட்டறையில் சும்மாவே கிடைக்கும், நன்றாக உறிஞ்சும். எண்ணெய் குடித்த தூள் இலகுவில் தீப்பற்றும் என்பதால் வெல்டிங் நடக்கும் கராஜில் எனக்கு அதில் விருப்பமில்லை. கடற்கரை மணல் எண்ணெயைக் குடிக்காது, சும்மா பூசிக்கொள்ளும்; கூடவே உப்பையும் கொண்டுவரும். நெல் ஆலைப் பக்கம் கிடைக்கும் கரியுமி இரண்டையும்விட மேல். நன்றாக ஆறியதைத் தூவி, தும்புத்தடியால் அழுத்தித் தேய்த்து, சில மணி நேரம் விட்டுக் கூட்டி அள்ளலாம். மிச்சக் கறைக்குச் சவர்க்காரத் தூளைக் குழைத்துப் பூசுங்கள். எடுத்த எடுப்பில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் கரைந்து வாய்க்காலோடு கடலுக்குத்தான் போகும்.

இஞ்சினில் படிந்ததைப் பெற்றோலால் கழுவாதீர்கள். தீ அபாயம் ஒருபுறம், வயர் உறையும் விறைத்துப்போகும். பற்றரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, துணியும் கொஞ்சம் சவர்க்காரமும் வைத்துத் துடையுங்கள். அழுக்குக் கரியுமியை மூடியுள்ள தகர டின்னில் போட்டு வையுங்கள்.