லாய்க்டுர்ம் 1917 புள்ளி நோட்டு: தமிழில் தினக்குறிப்பு எழுதத் தோதுப்படுமா?

மாலை வகுப்பில் எழுதிய குறிப்பு எந்த நோட்டில், எந்தப் பக்கத்தில் கிடக்கிறது என்று தேடி அலுத்தவர்களுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது இந்த ஏ5 நோட்டு. கெட்டி அட்டை, 251 பக்கம், எல்லாப் பக்கத்திலும் எண் அச்சாகியே வருகிறது. முன்னால் பொருளடக்கத்துக்கென்று தனிப் பக்கங்கள். 80 கிராம் தாள், இரண்டு நாடா, பின்னட்டையில் ஒரு காகிதப் பை, இறுக்கி மூட எலாஸ்டிக். தபால்தலை ஆல்பம் செய்து பேர் வாங்கிய ஜெர்மன் நிறுவனம். எண் போட்டு அடுக்கும் புத்தி அங்கிருந்துதான் வந்ததோ என்னவோ.

கொடுக்கும் காசு அந்தப் பக்க எண்ணுக்கும் பொருளடக்கத்துக்கும்தான். ஆனால் பொருளடக்கத்தில் பலர் தேதியை எழுதிவைக்கிறார்கள். ‘மார்ச் 4, எக்செல் வகுப்பு’ என்றிருந்தால் ஜூன் மாதத்தில் அது யாருக்கு உதவும்? அன்று எழுந்த கேள்வியை எழுத வேண்டும்: ‘எக்ஸ்லுக்கப்: காலிக் கட்டத்துக்கு ஏன் 0 காட்டுகிறது? 43, 58’. 43ஆம் பக்கத்தில் சிக்கல், 58இல் விடை (சூத்திரத்தின் முடிவில் &"" சேர்த்தால் 0 போய்விடும்). 43இன் அடியில் ‘58 பார்க்க’ என்றும், 58இன் தலையில் ‘43இலிருந்து’ என்றும் குறித்துவிட்டால் சங்கிலி அறாது. பொருளடக்கத்தை அன்றன்று நிரப்ப வேண்டாம். வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த வாரத்தில் திரும்பத் தேடக்கூடியவற்றை மட்டும் ஏற்றினால் போதும். எல்லாவற்றையும் ஏற்றினால் ஒதுக்கிய பக்கங்கள் பாதி நோட்டிலேயே தீர்ந்துவிடும்.

இனி தமிழ். இந்தத் தாளில் கோட்டுக்குப் பதில் புள்ளிகள்தான், புள்ளிக்குப் புள்ளி 5 மி.மீ. இடைவெளி. ஆங்கிலத்துக்குத் தாராளம்; நமக்கு நெருக்கடி. ‘எழுத்து’ என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். ‘ழு’வின் வால் கீழே இறங்கும். அடுத்த வரியில் அதற்கு நேர்கீழே ‘க்’ வந்தால் அதன் புள்ளி வாலில் போய் மோதும். அதைவிடப் பெரிய தொல்லை, தாளில் ஏற்கெனவே அச்சாகியிருக்கும் சாம்பல் புள்ளிகள். வேகமாக எழுதியதை மறுநாள் படிக்கும்போது, எழுத்தின் தலையில் இருப்பது நாம் வைத்த புள்ளியா, தாளின் புள்ளியா என்று விழிக்க வேண்டும். ‘பல’ என்று எழுதியது ‘பல்’ ஆகிவிடும்.

இதற்கு வழி, மூன்று புள்ளி வரிசைக்கு இரண்டு வரி என்ற கணக்கு. அதாவது வரிக்கு 7.5 மி.மீ.; ஒரு வரி புள்ளிகளின் மேல் உட்காரும், அடுத்தது இரு வரிசைக்கு நடுவில். முதல் நாலைந்து பக்கம் கோணலாக வரும், பிறகு கை பழகிவிடும். பேனா 0.38 மி.மீ. முனை ஜெல் போதும், 0.7 எடுத்தால் ‘ண’, ‘ஞ’ சுழிகள் அடைந்துபோகும். இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் இதே நோட்டில் 6 மி.மீ. கோடு போட்டது கிடைக்கிறது. தமிழில் மட்டுமே எழுதுபவருக்கு அதைத்தான் சொல்வேன். படம், அட்டவணை, அன்றாடப் பழக்கங்களைக் குறிக்கும் கட்டம் வரைபவருக்குத்தான் புள்ளித்தாள் அவசியம்.

80 கிராம் தாளில் பின்பக்கத்து எழுத்து நிழலாகத் தெரியும். ஜெல் பேனாவுக்கு அது பொறுக்கக்கூடிய அளவு. மார்க்கர் மறுபக்கம் ஊறிவிடும், வேண்டாம். மைப்பேனாவில் மெல்லிய நிப் சமாளிக்கும், பட்டை நிப் சமாளிக்காது. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 82 விழுக்காடு. எந்தத் தாளும் அதைக் குடிக்கும், குடித்த தாளில் மை ஓரம் பிசிறும். ஏர்கான் ஓடும் அலுவலகத்தில் சுத்தமாக விழும் எழுத்து, சன்னல் திறந்த வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் சற்றே தடித்துத் தெரிவது அதனால்தான். எழுதி முடித்ததும் மூடி எலாஸ்டிக் போட்டு வையுங்கள். திறந்தே கிடந்தால் தாள் நெளியும். உராய்ந்து அழிக்கும் ஃப்ரிக்‌ஷன் பேனாவை இதில் தொடவே வேண்டாம்: அதன் மை ஏறத்தாழ 60 பாகை செல்சியஸில் நிறமிழக்கும். வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடியடியில் நோட்டை விட்டுப் போனால் ஒரு மாத உழைப்பு வெள்ளைத்தாளாகலாம்.

கடைசிப் பகுதித் தாள்கள், மொத்தம் 8, கிழித்தெடுக்கத் துளையிட்டவை. சேமிக்க வேண்டியதை அங்கே எழுதக்கூடாது, கழன்று வரும். அந்த 16 பக்கத்தைக் கழித்தால் மிச்சம் 235. வேலை நாளுக்கு ஒரு பக்கம் என்றால் 47 வாரம். விடுப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய ஓராண்டு. ஞாயிறும் எழுதுபவருக்கு எட்டு மாதத்துக்குள் தீரும்.

புது நோட்டை நடுவில் பிளந்து அமுக்காதீர்கள். முன்னாலிருந்து 20 பக்கம், பின்னாலிருந்து 20 பக்கம் என மாறி மாறித் திறந்து முதுகை நீவிவிட்டால் நூல்கட்டு மேசையில் தட்டையாகப் படியும். கெட்டி அட்டை என்பதால் எம்ஆர்டி ரயிலில் மடியில் வைத்தும் எழுதலாம். நாடா நுனி பிரியும். நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தால் நிற்கும்.

விலைதான் உறுத்தல். மலிவுவிலைக் கடையான டைசோவில் 2 வெள்ளிச் சொச்சத்துக்குக் கிடைக்கும் நோட்டுக்கு ஒற்றைப்படைப் பக்கங்களில் மட்டும் கையால் எண் போட்டு, முதல் நான்கு பக்கத்தைப் பொருளடக்கத்துக்கு விட்டால், முக்கால்வாசிப் பயன் கைக்கு வந்துவிடும். மூன்று மாதம் அப்படி எழுதிப் பழக்கம் நின்றால் இதை வாங்குங்கள்; அதற்குமுன் வாங்குவது வெறும் ஆசை.

ஆர்ச்சர்ட் சாலை நீ ஆன் சிட்டியில் கினோகுனியா புத்தகக் கடையின் எழுதுபொருள் பகுதியில் தேடிப் பார்க்கலாம். பிளாஸ்டிக் உறையில் மூடியிருந்தால் கோடா, புள்ளியா, கட்டமா என்று வெளியிலிருந்து தெரியாது. அட்டை நிறத்தில் மயங்காமல் உறையில் ஒட்டிய சீட்டைப் படித்துவிட்டுக் கல்லாவுக்குப் போங்கள்.