நோயாளியைத் தனிமைப்படுத்துவதா, காற்றைத் தூய்மையாக்குவதா?

புதிய சுவாச வைரஸ் ஒன்று பரவத் தொடங்கும்போது நோயாளிகளைத் தனிமைப்படுத்துவதா, எல்லோரும் சுவாசிக்கும் காற்றைக் கவனிப்பதா என்ற கேள்விக்கான விடை, தொற்றியவர் எந்தக் கட்டத்தில் அதிகமாகப் பரப்புகிறார் என்பதைப் பொறுத்தது. 2003இல் சார்ஸ் நோயாளிகளிடம் வைரஸின் அளவு, அறிகுறி தோன்றி ஏறத்தாழ பத்து நாள்கள் கழித்தே உச்சத்தை எட்டியது. அதற்குள் அவர்களைக் கண்டறிந்து பிரித்துவைக்க அவகாசம் இருந்ததால், 8,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கிய அந்நோயை அவ்வாண்டு ஜூலைக்குள் தடுப்பூசி இன்றியே அடக்க முடிந்தது.

கோவிட்-19 அந்த அவகாசத்தைத் தரவில்லை. அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள்கள் முன்பே அது பரவியது. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 61 பேர் கலந்துகொண்ட சேர்ந்திசைப் பயிற்சியில் நோய் அறிகுறியோடு இருந்ததாகத் தெரிந்தவர் ஒரே ஒருவர். நோயுற்றவர்களோ, பரிசோதனையில் உறுதியாகாதவர்களையும் சேர்த்து, 53 பேர். இரண்டரை மணி நேரம் பாடியவர்களின் வாயிலிருந்து வெளிப்பட்ட நுண்துளிகள் அறையின் காற்றிலேயே மிதந்துகொண்டிருந்தன என்பதே பொருத்தமான விளக்கம்.

சன்னலைத் திறந்துவைப்பதும் வடிகட்டிக் கருவியை இயக்குவதும், யாருக்குத் தொற்று என்றே தெரியாத நிலையிலும் பயன் தருகின்றன. தனிமைப்படுத்தலைப்போல எவருடைய அன்றாடக் கூலியையும் பறிப்பதில்லை. ஆகவே இத்தகைய வைரஸுக்குக் காற்றோட்டத்தையே முதலில் வைப்பேன். எனினும், முகத்தோடு முகம் நெருங்கிப் பேசும் இருவருக்கு அது போதாது. அங்கே நன்கு பொருந்திய என்95 முகக்கவசம் தேவைப்படுகிறது.