பீரோ மேல் பழைய லேப்டாப்பா, வாடகை சர்வரா? பிட்காயின் நோடுக்கு எது தோது

வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு பீரோ மேல் ஒரு பழைய லேப்டாப் இரவு பகலாக ஓடுகிறது. உபுண்டு, பிட்காயின் கோர் என்ற மென்பொருள், 1 டிபி எஸ்எஸ்டி. பிட்காயின் பரிவர்த்தனைகள் அத்தனையையும் இறக்கித் தானே சரிபார்க்கும் இப்படிப்பட்ட கணினிக்குத்தான் நோட் என்று பெயர். "நைட்டு பூரா ஓடுதே, துட்டு எதுனா வருதா?" என்று கீழ்வீட்டு அண்ணன் கேட்பார். ஒரு பைசா வராது. வெகுமதி மைனிங் செய்பவருக்கு, அதாவது புதிய பிளாக்குகளை (பரிவர்த்தனைத் தொகுப்புகளை) உருவாக்குபவருக்குத்தான். நோட் வைத்திருப்பவர் யாரையும் நம்பாமல் தானே கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம், அதுதான் லாபம். வருமானமே இல்லாத வேலைக்கு மாதாமாதம் வாடகை கட்டுவதா என்று யோசித்துத்தான் வாடகை சர்வரை விட்டு இதற்கு மாறினேன்.

வாடகையை ஏற்றுவது டிஸ்க்தான். 2009 ஜனவரி 3 முதல் சேர்ந்த பிளாக்குகள் 600 ஜிபியைத் தாண்டிவிட்டன. மலிவான சர்வரில் அவ்வளவு இடம் கிடைக்காது. அங்கே 'புரூன்' செய்து பழைய பிளாக்குகளை அழித்துக்கொண்டே போகலாம், 550 எம்பி வரை சுருக்கலாம். ஆனால் செலவாகாத காசுகளின் பட்டியலுக்கே தனியாகப் பத்து ஜிபிக்கு மேல் வேண்டும். இன்னொன்று, புரூன் செய்தால் டவுன்லோடும் குறையும் என்று நினைத்தேன். குறையாது. முதல் பிளாக்கிலிருந்து அத்தனையும் இறங்கிச் சரிபார்த்த பிறகுதான் அழியும்.

வீட்டில் தலைவலி கரண்ட். நோட் கொஞ்ச நேரம் நின்றால் ஒன்றுமில்லை, திரும்பி வந்ததும் விட்டதைப் பிடித்துக்கொள்ளும். திடீரென்று அணைவதுதான் ஆபத்து. டிபிகேஷில் (நோட் தற்காலிகமாகத் தரவை வைக்கும் ரேம் பகுதி) இருப்பது டிஸ்க்குக்குப் போகுமுன் அணைந்தால் தரவு கெட்டுப்போகலாம். புரூன் நோடாக இருந்து அப்படி ஆனால் மறுபடி முழு டவுன்லோடுதான். எனக்கு ஒரு மே மாதம் அது நடந்தது; அப்போது டெஸ்க்டாப், இன்வெர்ட்டர் மாறும் அந்த இமைப்பொழுதில் ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. லேப்டாப்புக்கு அதன் பேட்டரியே யூபிஎஸ். அதற்காகவே லேப்டாப் என்பேன். ஆனால் 2023 மிக்ஜாம் புயல் போல நாள்கணக்கில் கரண்ட் போனால் பேட்டரி சில மணிநேரம்தான், அதற்குள் ஒழுங்காக நிறுத்திவிட வேண்டும். உபுண்டுவில் சர்வீஸ்களை ஓட்டி நிறுத்தும் சிஸ்டம்டி வழக்கமாக 90 நொடிதான் பொறுக்கும், பிறகு அடித்துக் கொன்றுவிடும். பிட்காயின் கோருடன் வரும் சர்வீஸ் ஃபைலில் அதை 600 நொடியாக வைத்திருப்பது சும்மா இல்லை. நீங்களே எழுதினாலும் அந்த வரியை விடாதீர்கள்.

நெட் விஷயத்தில் வாடகை சர்வருக்கே ஓட்டு. அதற்குச் சொந்த ஐபி உண்டு, 8333 போர்ட்டைத் திறந்தால் வெளி நோடுகள் வந்து சேரும். நம் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் ஒரே ஐபிக்குப் பின்னால் பல வீடுகள். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்தும் யாரும் உள்ளே வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். ஐபியை மறைக்கும் டோர் நெட்வொர்க் வழியாகப் போனால் இந்தச் சிக்கல் இல்லை. மாத டேட்டாவுக்கு எல்லை இருந்தால் அப்லோடைக் கட்டுப்படுத்தும் 'மேக்ஸ்அப்லோட்டார்கெட்' அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வாடகை சர்வரில் தொலைவிலிருந்து உள்நுழையும் எஸ்எஸ்ஹெச் கதவை, சர்வர் வந்த முதல் நாளிலேயே ஹேக்கர்கள் தட்டிப் பார்ப்பார்கள். பாஸ்வேர்டை அணைத்து கீ (சாவிக் கோப்பு) மட்டும் வையுங்கள். நோடுக்குக் கட்டளையிடும் 8332 போர்ட்டை எங்கேயும் வெளியே திறக்காதீர்கள். சில நிறுவனங்களின் விதிகளில் பிளாக்செயினுக்கே இடமில்லை, பணம் கட்டுமுன் படித்துவிடுங்கள்.

இன்னொரு பிளாக்செயினான எத்தீரியத்தின் நோட் ஓட்ட ஆசை என்றால் பீரோ மேல் இருப்பது போதாது. 2022 செப்டம்பருக்குப் பிறகு அதற்கு இரண்டு கிளையண்டுகள் (நோட் மென்பொருள்கள்) சேர்ந்தே ஓட வேண்டும், 2 டிபி என்விஎம்இயும் (வேகமான எஸ்எஸ்டி) கேட்கும்.