.25 பிஸ்டல் தோட்டா வாங்குவோர் கவனத்துக்கு: ‘இறக்குமதிச் சரக்கு’ என்று மறுநிரப்பிய தோட்டாவை விற்கிறார்கள்

பாலக்காட்டு எல்லையில், சித்தூர், கொழிஞ்சாம்பாறை, முதலமடைப் பக்கம் பழைய தோட்டக்காரர் வீடுகளில் அப்பா, தாத்தா காலத்து .25 போர் (bore, அங்குலத்தில் குழல் அளவு) பிஸ்டல்கள் இன்னும் சில இருக்கின்றன. எங்கள் வீட்டில் இருப்பது பெல்ஜியத்தில் செய்தது. அப்பாவுக்குப் பிறகு முறைப்படி என் லைசென்ஸில் ஏறியது. அதற்குத் தோட்டா கிடைப்பதுதான் பெரும்பாடு. கடைக்காரர்களிடம் .32 இருக்கும், .25 கேட்டால் கையை விரிப்பார்கள். அந்தத் தட்டுப்பாட்டில்தான் இந்த மோசடி நடக்கிறது.

நான் வாங்கியது லைசென்ஸ் பெற்ற கடையில்தான். “பழைய இம்போர்ட்டட் ஸ்டாக் சாரே, இனி கிடைக்காது” என்று சொல்லி, கடைக்காரர் .32 விலையைப் போலப் பல மடங்கு வாங்கினார். லைசென்ஸில் பதிந்தார், பில்லும் கொடுத்தார். ஆனால் பில்லில் ‘.25 தோட்டா’ என்பதோடு சரி. கம்பெனிப் பெயரோ லாட் எண்ணோ இல்லை.

ரைபிள் கிளப் ரேஞ்சில் சுட்டபோது முதல் சில தோட்டாக்கள் ஒழுங்காக வெடித்தன. அடுத்தது ‘டப்’ என்று அமுங்கிய சத்தம், கையில் உதையே இல்லை, ஸ்லைடும் (சுடும்போது பின்னுக்கு நகரும் பிஸ்டலின் மேல்பாகம்) முழுதாகப் பின்னுக்கு வரவில்லை. பிஸ்டலில் இதுதான் பெரிய ஆபத்து. தோட்டா சிக்கிவிட்டது என்று நினைத்து ஸ்லைடைக் கையால் இழுத்து, அடுத்ததை ஏற்றிச் சுடத்தான் யாருக்கும் தோன்றும். பக்கத்தில் நின்ற கோச், “நிறுத்துங்க, ஸ்லைடைத் தொடாதீங்க!” என்று கத்தினார். மேகசினைக் கழற்றி, தோட்டா உட்காரும் அறையைக் காலி செய்து பார்த்தால், குண்டு குழலின் நடுவில் நின்றிருந்தது. தோட்டாவில் வெடிமருந்து போதவில்லை. பின்னாலேயே இன்னொரு குண்டு வந்து மோதியிருந்தால் குழல் வீங்கியோ வெடித்தோ இருக்கும். என் கைவிரல்களும் அங்கேதான் இருந்தன.

மிச்சத் தோட்டாக்களை அவர் வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். ஒரே பெட்டியில் இருந்தும் அடியில் முத்திரைகள் வேறு வேறு. பித்தளைக் குப்பி கறுத்திருக்கிறது, அடியின் நடுவில் மருந்தைப் பற்றவைக்கும் கேப் மட்டும் புதுசாக மின்னுகிறது. சிலவற்றின் விளிம்பில் குப்பியை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி கீறிய தடம். ஏற்கெனவே ஒரு துப்பாக்கிக்குள் போய் வந்தவை. குண்டு உட்கார்ந்திருக்கும் ஆழமும் ஒன்றுபோல இல்லை. சுட்ட குப்பிகளைப் பொறுக்கி, கேப் மாற்றி, மருந்தும் குண்டும் வைத்து அடைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இது பலருக்குப் பொழுதுபோக்கு; அங்கே அதற்கென்றே கருவிகளும் அளவுப் புத்தகங்களும் கடையில் கிடைக்கும். அப்படி முறையாகச் செய்பவர்களுக்கே .25 ஒரு தலைவலி. குப்பியின் நீளமே 16 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, குண்டு 50 கிரெய்ன், அதாவது சுமார் 3.2 கிராம். உள்ளே போகும் மருந்து ஒரு சிட்டிகைகூட இல்லை. அதில் துளி கூடினாலும் குறைந்தாலும் விளைவு மாறிவிடும். இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதும் விற்பதும் 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுக்கு எதிரானது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்ச தண்டனையே 7 ஆண்டு.

கடைக்காரரிடம் திரும்பப் போனேன். “பழைய சரக்கு அப்படித்தான் இருக்கும், நீங்க ஆயில் போட்டு வச்சிருப்பீங்க” என்றார். பணமும் தரவில்லை, எங்கிருந்து வந்த சரக்கு என்றும் சொல்லவில்லை. தெரிந்தே ஒருவர் உயிரோடு விளையாடியிருக்கிறார் என்ற கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பில், லைசென்ஸ் நகல், தோட்டாக்களின் படங்களோடு கலெக்டரேட்டிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. அண்மையில் .25 வாங்கியவர்கள் பெட்டியைத் திறந்து அடி முத்திரையையும் கேப்பையும் ஒருமுறை பாருங்கள். சந்தேகம் வந்தால் சுட்டுப் பார்க்க வேண்டாம், பிரித்துப் பார்க்கவும் வேண்டாம், கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துச் சாட்சியை இழக்கவும் வேண்டாம். ஸ்டேஷனில் எழுத்துமூலம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.