காகிதத்தில் கறை படியாத நீலகிரித் தைலமும் கலப்படமாக இருக்கலாம்

மலைப்பாதைக் கடையில் தைலம் கேட்டால் வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுக் காட்டுவார்கள். சிறிது நேரத்தில் காய்ந்துவிடும், கறை இருக்காது. அதை நம்பி வாங்கிய பாட்டிலில் பாதிக்கு மேல் டர்பன்டைன் (பைன் மரப் பிசினிலிருந்து வடிக்கும் பெயிண்ட் கரைப்பான்) வாடை. பேட்ச் எண், தயாரித்தவர் முகவரி எதுவும் லேபிளில் இல்லை. கடைக்காரரும் திருப்பி வாங்க மறுத்துவிட்டார்.

காகிதம் காட்டிக்கொடுப்பது தேங்காய் எண்ணெய், பாரஃபின் எண்ணெய் போன்ற ஆவியாகாத எண்ணெய்களை மட்டுமே. டர்பன்டைனும் ஆவியாகும் எண்ணெய் என்பதால் தப்பித்துவிடும். மணத்தையும் நம்ப முடியாது. தைலத்தின் முக்கிய மணப்பொருள் சினியோல். ஐரோப்பிய மருந்துத் தரப்படி அது 70 சதவீதமாவது இருக்க வேண்டும். கொஞ்சம் நல்ல தைலத்தோடு கற்பூரத்தைக் கரைத்துவிட்டால் மூக்கு ஏமாந்துபோகும்.

எடை போட்டுப் பாருங்கள். 0.01 கிராம் காட்டும் நகைத் தராசும் 10 மி.லி. சிரிஞ்சும் போதும். சிரிஞ்சின் கோடுகள் துல்லியமானவை அல்ல. அதனால் அதே கோடு வரை முதலில் தண்ணீரை எடுத்து நிறுங்கள், பிறகு தைலத்தை. தைல எடையைத் தண்ணீர் எடையால் வகுத்தால் 0.906 முதல் 0.927 வரை வர வேண்டும். டர்பன்டைன் 0.86 அளவில் நிற்கும், மண்ணெண்ணெய் இன்னும் கீழே. வாங்கிய பாட்டில் 0.88 காட்டியது. வேலையைச் சீக்கிரம் முடியுங்கள், தைலம் பட்டால் சிரிஞ்சின் ரப்பர் ஊறிவிடும்.

தேங்காய் எண்ணெய் 0.92 என்பதால் இதில் தப்பிவிடும். அதற்கு 1 மி.லி. தைலத்தோடு 70 சதவீத எத்தனால் 5 மி.லி. சேர்த்துக் குலுக்குங்கள். நல்ல தைலம் தெளிவாகக் கரையும். டர்பன்டைன், பாரஃபின், தேங்காய் எண்ணெய் கலந்தது பால்போல் கலங்கும். 90 சதவீத எத்தனாலில் செய்யாதீர்கள், அதில் டர்பன்டைனும் கரைந்துவிடும்.

இது காசு போன கதை மட்டுமல்ல. இமயமலைப் பைன் டர்பன்டைனில் கேரீன் என்ற வேதிப்பொருள் அதிகம்; காற்றுப் பட்டால் அது பெராக்சைடாக மாறித் தோலில் அரிப்பும் கொப்புளமும் வரவைக்கும். சுத்தமான தைலத்தையே இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கிலும் முகத்திலும் தடவக் கூடாது, சில மி.லி. விழுங்கினாலே வலிப்பு வரலாம். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.