மும்பையில் மஞ்சள் காய்ச்சல் ஊசி: ஆப்பிரிக்கா இன்டர்ன்ஷிப் போகிறவர்களுக்கு ஒரு விமர்சனம்

ஊசிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஊசியோடு தரும் மஞ்சள் புத்தகத்தை (ஊசி போட்டதற்கான சர்டிபிகேட் அதுதான்) நிரப்பித் தருகிற விதத்துக்குப் பாதிதான். மலேரியாவைப் பற்றிச் சொல்லி அனுப்புகிறார்களா என்று பார்த்தால் அந்தப் பாதியும் கிடையாது. மே மாதம் கிளம்பி கென்யா, உகாண்டா, கானா என்று பத்து வாரம் கிராமப்புறத் திட்டங்களில் வேலை செய்யப்போகும் மாணவர்கள் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மஞ்சள் காய்ச்சல் வேறு, மஞ்சள்காமாலை வேறு. சின்ன வயதில் போட்ட ஹெபடைடிஸ் பி ஊசியைக் காட்டி "அதான் போட்டாச்சே" என்று பெற்றோர் சொன்னால் நம்பி இருந்துவிடாதீர்கள். இது ஏடிஸ் கொசு பரப்பும் தனி வைரஸ். மும்பையில் மழைக்காலத்தில் டெங்குவைப் பரப்புகிற அதே கொசுதான். கொசு இங்கே ஏராளம், அந்த வைரஸ் மட்டும் இந்தியாவுக்குள் இன்னும் வரவில்லை. நம் விமான நிலையங்கள் இதில் இவ்வளவு கறாராக இருப்பது அதனால்தான்.

பலர் கோட்டைவிடும் இடமும் இங்கேதான். உகாண்டாவும் கானாவும் உள்ளே வருகிற எல்லோரிடமும் சர்டிபிகேட் கேட்கும். இந்தியாவிலிருந்து நேராக வருபவரிடம் கேட்க வேண்டும் என்று கென்யாவில் விதி இல்லை. அதை நம்பி ஊசி போடாமல் போய்விட்டு ஜூலையில் மும்பையில் இறங்கினால், மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து வருகிறவர் என்பதால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க இங்குள்ள அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. அந்த நாட்டுக்குள் போகத் தேவையா என்று மட்டும் பார்க்காமல், அங்கிருந்து வீடு திரும்பத் தேவையா என்றும் பாருங்கள். தென்னாப்பிரிக்கா போகிறவர்களும் டிக்கெட்டை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. வழியில் நைரோபியிலோ அடிஸ் அபாபாவிலோ 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் அங்கேயும் சர்டிபிகேட் கேட்பார்கள்.

மத்திய சுகாதார அமைச்சகம் அங்கீகரித்த மையத்தில் போட்டால்தான் செல்லும். மும்பையில் சஹார் பக்கம் விமான நிலைய சுகாதார அலுவலகம், துறைமுக சுகாதார அலுவலகம், பைகுல்லாவில் ஜே.ஜே. மருத்துவமனை ஆகியவை பழைய, பலரும் போகிற இடங்கள். மாட்டுங்கா, சயான், தாராவியில் இருப்பவர்களுக்கு ஜே.ஜே. வசதி. சென்ட்ரல் லைனில் பைகுல்லாவில் இறங்கினால் பக்கம். எங்கே போவதானாலும் அன்றைக்கு ஊசி உண்டா, முன்பதிவு வேண்டுமா, பணம் எப்படிக் கட்ட வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஒரிஜினல் பாஸ்போர்ட்டும் அதன் முதல், கடைசிப் பக்க நகலும் கையில் இருக்கட்டும்.

"குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரம், இத்தனை பேர்" என்று வைத்திருப்பதை அலட்சியம் என்று திட்டுகிறவர்கள் உண்டு. அது நியாயமில்லை. மருந்து தூளாக, பலருக்குப் போடும் குப்பியில் வருகிறது. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருந்து, திரவம் கலந்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். இரண்டு பேருக்காக ஒரு குப்பியை உடைக்க மாட்டார்கள். நடுநடுவே தட்டுப்பாடும் வரும். அதனால் கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சர்டிபிகேட் செல்லுபடியாகும். மே 5-ம் தேதி போட்டால் மே 15-லிருந்து. மே 12-ல் விமானம் என்றால் செக்-இன் கவுன்டரிலேயே நிறுத்திவிடலாம்.

இனி அந்தப் புத்தகம். ஊசி குத்த அரை நிமிஷம், புத்தகம் எழுத ஐந்து நிமிஷம். கவனம் முழுவதும் இந்த ஐந்து நிமிஷத்தில் இருக்க வேண்டும். நம்மவர்களுக்கு முதல் சிக்கல் இனிஷியல். கல்லூரி அடையாள அட்டையில் "எஸ். கார்த்திக்" என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து "கார்த்திக் சுப்பிரமணியன்" என்று இருக்கும். படிவத்தில் பழக்கத்தில் இனிஷியலோடு எழுதிக் கொடுத்தால் அப்படியே புத்தகத்திலும் ஏறிவிடும். பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்து, இருக்கிற வரிசை, அதைத்தான் எழுத வேண்டும்.

அடுத்து கட்டங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, ஊசி போட்ட தேதி, தயாரிப்பாளர் பெயரும் பேட்ச் எண்ணும், டாக்டர் கையெழுத்து, மையத்தின் முத்திரை, எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பது. உங்கள் கையெழுத்துக்கும் ஓர் இடம் உண்டு, அதைப் போட மறப்பவர்கள் நிறைய. தேதியில் மாதத்தை எண்ணாக எழுதாமல் எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 5/6 என்று இருந்தால் ஓர் அதிகாரிக்கு அது ஜூன், இன்னொருவருக்கு மே. "எதுவரை" என்ற கட்டத்தில் சிலர் இன்னும் பத்து ஆண்டு தள்ளி ஒரு தேதி போடுகிறார்கள். 2016 ஜூலை 11 முதல் இந்தச் சர்டிபிகேட் வாழ்நாள் முழுக்கச் செல்லும், அதனால் "வாழ்நாள்" என்றே எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. எழுதியதில் பிழை வந்தால் ஒயிட்னர் பூசியோ அடித்தோ திருத்த விடாதீர்கள். திருத்தமோ அழிப்போ நிரப்பாத கட்டமோ இருந்தால் சர்டிபிகேட் செல்லாமல் போகலாம் என்று அந்தப் புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறது. நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன்பே பணிவாகப் புதுப் புத்தகம் கேளுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து வரிசையில் நிற்பது வீண் அலைச்சல். பாஸ்போர்ட் சீக்கிரம் முடியப்போகிறது என்றால் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு ஊசிக்குப் போவதுதான் சரி, ஏனென்றால் புத்தகத்தில் ஏறுவது பாஸ்போர்ட் எண்.

இது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ் ஊசி, கோழிமுட்டைக் கருவில் வளர்த்தது. கடுமையான முட்டை அலர்ஜி, தைமஸ் சுரப்பிக் கோளாறு, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து, ஸ்டீராய்டு சிகிச்சை, கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். முட்டையே தொடாத வீட்டுப் பிள்ளைகளுக்குத் தங்களுக்கு அலர்ஜி உண்டா இல்லையா என்றே தெரியாது, அதையும் சொல்லுங்கள். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். சில நாள் லேசான காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம் என்பதால் செமஸ்டர் தேர்வு வாரத்தில் வேண்டாம். எம்.எம்.ஆர். (தட்டம்மை, அம்மைக்கட்டு, ரூபெல்லா), சின்னம்மை போன்ற வேறு உயிருள்ள ஊசி பாக்கி இருந்தால் அதே நாளில் போட வேண்டும், இல்லையென்றால் நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும்.

தனியார் பயண கிளினிக்குகள் விற்கும் பேக்கேஜ் பற்றிச் சுருக்கமாக. டைபாய்டு கான்ஜுகேட் ஊசி ஒரே டோஸ், காசுக்குத் தகும். ஹெபடைடிஸ் ஏ நம்மில் பலருக்குச் சின்ன வயதிலேயே தெரியாமல் வந்துபோயிருக்கும், ரத்தத்தில் அதற்கான எதிர்ப்புப் புரதம் (ஐஜிஜி) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதில் உயிருள்ள வகையும் இங்கே விற்பனையில் இருப்பதால் எந்த வகை என்று கேளுங்கள், மேலே சொன்ன நான்கு வாரக் கணக்கு அதற்கும் பொருந்தும். ரேபிஸ் முன்தடுப்பு, பெரிய ஆஸ்பத்திரி இல்லாத கிராமத்தில் தங்குவோருக்கு நிச்சயம் வேண்டும். முதல் நாள் ஒன்று, ஏழு நாள் கழித்து ஒன்று என இரண்டு டோஸ். மெனிஞ்ஜைட்டிஸ் (மூளை உறை அழற்சி) ஊசி செனகல் முதல் எத்தியோப்பியா வரையுள்ள பட்டையில் வேலை செய்பவர்களுக்குத்தான். தென்னாப்பிரிக்கா போகிறவரிடமும் அதைத் தள்ளிவிடும் பேக்கேஜை வாங்காதீர்கள்.

மலேரியாவுக்கு வருவோம். மஞ்சள் காய்ச்சல் ஊசி இதற்கு ஒன்றும் செய்யாது, ஆனால் "ஆப்பிரிக்கா ஊசி போட்டாச்சு" என்ற நிம்மதியில் மலேரியா தடுப்பு மாத்திரையை மறந்துபோகிறவர்கள் அதிகம். ஊருக்கு ஊர் மாறும் விஷயம் இது. நைரோபி உயரத்தில் இருப்பதால் ஆபத்து குறைவு, அதே கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் கிசுமுவில் மிக அதிகம். அதனால் டாக்டரிடம் நாட்டின் பெயரோடு நிற்காமல் தங்கப்போகும் ஊரையும் சொல்லுங்கள். அங்கே குளோரோகுவின் என்ற பழைய மலேரியா மாத்திரை வேலைக்கு ஆகாது. மும்பை மருந்துக்கடையில் எளிதாக, மலிவாகக் கிடைப்பது டாக்சிசைக்ளின் 100 மி.கி. போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து தினம் ஒன்று, திரும்பி வந்தபின்னும் நான்கு வாரம். பத்து வாரத்துக்கு 2 + 70 + 28, ஆக 100 மாத்திரை. மொத்தத்தையும் இங்கேயே டாக்டர் சீட்டோடு வாங்கிச் சீட்டையும் பில்லையும் கைப்பையில் வையுங்கள். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். படுத்தால் உணவுக்குழாயில் புண் வரும். பால், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்க்கக் கூடாது. வெயிலில் தோல் சீக்கிரம் கன்றிப்போகும். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அட்டோவாகுவோன்-புரோகுவானில் உண்டு, வந்தபின் ஏழு நாள் போதும். ஆனால் விலை அதிகம், எல்லாக் கடையிலும் இருக்காது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

திரும்பி வரும் நேரம் மும்பையில் கொட்டும் மழை. அப்போது காய்ச்சல் என்று போனால் டெங்குவா, லெப்டோவா (எலிக்காய்ச்சல்) என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அறைக்குள் நுழைந்ததும் முதல் வாக்கியமாக "ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கேன் டாக்டர்" என்று ஊர் பெயரோடு சொல்லி, அன்றைக்கே ஃபால்சிபேரம் என்ற ஆபத்தான வகை மலேரியாவுக்கு ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும், வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தாலும் இதைச் செய்ய வேண்டும்.